படலைக்கு வந்த சந்தை

பண்டம் வாங்குதல் பணத்தால் நிகழும் காரியம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கையிற் பணமுடையான் வேண்டியதை வாங்குவான். இல்லாதான் வாளாவிருப்பான் என்பது உலகோர் கருத்து. ஆயினும் ஆழ்ந்து நோக்குவார்க்குப் பணத்தைப் போலவே இன்றியமையாத மற்றொன்று இதன்கண் உண்டு என்பது புலனாகும். அதுதான் நேரம். சந்தைக்குச் செல்ல நேரம் வேண்டும். நல்லது எது, வாடியது எது என ஆராய நேரம் வேண்டும். விலை பேசவும், சுமந்து வரவும், வந்தபின் வகைப்படுத்தி வைக்கவும் நேரம் வேண்டும். இந்த நேரத்தை முன்பு வீட்டில் யார் கொடுத்தனர், இப்பொழுது யார் கொடுக்கின்றனர் என்று வினவினால், இணையவழிக் கொள்வனவு என்று பேசப்படும் புதிய வழக்கத்தின் வேர் எங்கே இருக்கின்றது என்பது தெளிவாகும்.

இவ்வழக்கத்தின் வளர்ச்சிக்குக் காரணங் கூறுவோர் பலர். கருவியின் திறமை என்பர் சிலர். விளம்பரத்தின் மயக்கு என்பர் வேறு சிலர். இளைஞரின் சோம்பல் என்று முடிவு கட்டிவிடுவாரும் உளர். இவற்றை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயின் கருவி எங்கும் ஒன்றே. அதன் பயன்பாடோ நாட்டுக்கு நாடு, வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றது. விதை ஒன்றாயினும் விளைச்சல் நிலத்தின் இயல்பைப் பொறுத்தது. இங்கே நிலமாவது குடும்பத்தின் உழைப்பு முறை. வீட்டில் எத்தனை பேர் ஊதியத்துக்கு உழைக்கின்றனர், எந்நேரம் போய் எந்நேரம் மீள்கின்றனர், பகலில் வீட்டிலிருப்பார் யார், எஞ்சிய வேலை யார் தலையில் விழுகின்றது என்பனவே இக்கொள்வனவின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்பது என் துணிபு.

பொருள் வீடு தேடி வருதல் நமக்குப் புதிதன்று. உப்பு வாணிகரான உமணரையும், வீட்டு வாயில்தோறும் உப்பை நெல்லுக்கு மாற்றிய உமணப் பெண்களையும் சங்கச் செய்யுட்கள் காட்டுகின்றன. மதுரைக்காஞ்சி பகற்கடைத் தெருவை நாளங்காடி என்றும், இராக்கடைத் தெருவை அல்லங்காடி என்றும் இருவேறாகப் பேசுகின்றது. பகலெல்லாம் தொழிலில் ஈடுபட்டார்க்கு இரவிலன்றி வாங்குதற்கு ஒழிவேது என்று நாம் உய்த்துணரலாம். வாணிகம் என்றும் மக்களின் உழைப்பு நேரத்தை அறிந்தே கடை விரித்து வந்திருக்கின்றது.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1872ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரத்து மொன்கொமெரி வார்ட் என்பவர் தபால்மூலம் பொருள் விற்கும் பட்டியலொன்றை வெளியிட்டார். அவர் கருதிய வாடிக்கையாளர் நகரத்தார் அல்லர். தூரத்துப் பண்ணைகளில் வாழ்ந்த கமக்காரக் குடும்பத்தினர். நிலத்தையும் கால்நடையையும் விட்டு நகரத்துக்குப் போய்வருதல் அவர்க்கு எளிதன்று. 1913ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கத் தபாற் பகுதி பொதிச் சேவையைத் தொடங்கியபோது இவ்வாணிகம் மேலும் பெருகிற்று. பின்னர் 1984ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரில் 72 வயதான மூதாட்டி ஒருவர், தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்த அமைப்பின்மூலம், டெஸ்கோ கடையிலிருந்து முட்டையும் மாஜரீனும் சோளப்பொரியும் தருவித்தார். நடமாட இயலாதார்க்கும் முதியோர்க்கும் அந்நகரசபை ஏற்படுத்திய உதவி அது. இன்று நாம் அறிந்த இணையம் பொதுமக்கள் கைக்கு வருமுன்னரே இது நிகழ்ந்தது. வீட்டின் தேவை முந்தியது, கருவி பிந்தியது என்பதற்கு இவை போதிய சான்றாகும்.

குடும்பத்தின் உழைப்பு முறை மாறும்போது கொள்வனவு முறை எவ்வாறு மாறுகின்றது என்பதைக் காண்பதற்கு யப்பான் நாட்டினும் சிறந்த களம் வேறில்லை. 1960களிலும் 1970களிலும் அந்நாட்டில் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்கள் தழைத்தன. டோக்கியோவின் செத்தகாயாப் பகுதியில் 1965இலே பாலைக் கூட்டாக வாங்குதலுடன் தொடங்கிய செய்க்கத்சுக் கழகம் அவற்றுள் ஒன்று. இச்சங்கங்களின் உயிர்நாடி ‘ஹான்’ எனப்படும் அயற்குழு. அடுத்தடுத்த வீடுகள் சில சேர்ந்து ஒரு குழுவாகும். ஒரு வாரம் வேண்டியவற்றை எழுதிக் கொடுப்பர். மறுவாரம் லொறி வந்து குழுவுக்குரிய பண்டங்களை ஓரிடத்தில் இறக்கிச் செல்லும். அரிசியும் முட்டையும் காய்கறியும் அங்கே வீட்டுக்கு வீடு பங்கிடப்படும். பங்கிடுகையிற் பேச்சும், பிள்ளை வளர்ப்புப் பற்றிய ஆலோசனையும், விலையேற்றம் பற்றிய விவாதமும் நிகழும். அது சந்தையாகவும் சங்கமாகவும் விளங்கிற்று.

ஆனால் அவ்வேற்பாடு ஒரு நிபந்தனையின்மேல் நின்றது. லொறி வரும் பகற்பொழுதில் வீட்டிலே ஒருவர் இருத்தல் வேண்டும். அந்த ஒருவர் இல்லாள் என்பது சொல்லாமலே விளங்கும். கணவன் காலையிற் போய் இரவில் மீள்வான். மனைவி வீட்டையும் அயலையும் ஆள்வாள் என்னும் ஒழுங்கே அக்காலத்து யப்பானிய நகரக் குடும்பத்தின் இலக்கணம். 1985இல் தொழில்வாய்ப்பிற் சமத்துவம் பற்றிய சட்டம் நிறைவேறியது. மெல்ல மெல்லப் பெண்கள் ஊதிய உழைப்பிற் புகுந்தனர். 1990களில், இருவரும் உழைக்கும் குடும்பங்களின் தொகை, கணவன் மட்டுமே உழைக்கும் குடும்பங்களின் தொகையைத் தாண்டிற்று. இன்று முன்னையது பின்னையதைப்போல் இருமடங்கிற்கும் மேலாகும்.

இதன் விளைவு யாது? லொறி வந்தது, வாங்குவதற்கு ஆளில்லை. அயற்குழுக்கள் தளர்ந்தன. 1990களில் கூட்டுறவுச் சங்கங்கள் குழுவை விடுத்து, தனித்தனி வீட்டு வாசலிற் பெட்டியை வைத்துச் செல்லும் முறைக்கு மாறத் தொடங்கின. எழுத்துத் தாளிற் குறித்த பட்டியல் பின்னர்க் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் இடம் மாறிற்று. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இணையம் வந்து அயற்குழுவைக் குலைத்ததென்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. உழைப்பு முறை மாறியதால் அயற்குழு முன்னரே தளர்ந்தது. வெறுமையாய்க் கிடந்த அவ்விடத்தில் இணையம் வந்து அமர்ந்தது.

பொதி சுமப்போர் நிலையிலும் இம்மாற்றம் தெரிந்தது. யமாத்தோ என்னும் நிறுவனம் 1976ஆம் ஆண்டு சனவரியில் வீட்டுப் பொதிச் சேவையைத் தொடங்கிய முதல் நாளிற் கிடைத்த பொதிகள் 11 மாத்திரமே. இணையவழிக் கொள்வனவு பெருகப் பெருகப் பொதிகள் மலைபோற் குவிந்தன. ஆனால் இருவரும் வேலைக்குப் போன வீட்டின் கதவைத் தட்டினால் திறப்பார் யார்? 2017ஆம் ஆண்டு அக்டோபரில் அரசு எடுத்த கணிப்பின்படி நூற்றுக்கு 15 பொதிகளுக்கு மேல் ஒரே நடையிற் சேர்ப்பிக்க இயலாது மீண்டும் கொண்டுசெல்லப்பட்டன. அடுக்குமாடிகளிற் பொதி வைக்கும் இரும்புப் பெட்டகங்கள் அமைக்கப்பட்டன. அதே ஆண்டு யூன் மாதத்தில் யமாத்தோ நிறுவனம் நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரையான விநியோக நேரத்தை ஒழித்தது. தன் ஊழியர் மதிய உணவு உண்ண ஒழிவு வேண்டும் என்பதற்காக அவ்வாறு செய்தது. பலர் வீட்டு உணவுக்கான பண்டங்களைச் சுமக்கும் ஒருவன் தான் உண்ண நேரமின்றி ஓடினான் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

தென் கொரியாவில் இது மேலும் ஒரு படி சென்றது. நீண்ட வேலைநேரத்துக்குப் பேர்போன நாடு அது. கிழமைக்கு 52 மணித்தியாலமே வேலை என்னும் வரம்பு 2018 யூலையிலிருந்து படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வந்தது. கணவனும் மனைவியும் களைத்து மீளும்போது கடைக்குப் போகும் நேரமும் தெம்பும் எஞ்சுவதில்லை. 2015ஆம் ஆண்டிலே குர்லி என்னும் நிறுவனம் ஒரு வழி கண்டது. இரவு 11 மணிக்குள் வேண்டியதைக் குறித்தால், காலை 7 மணிக்குள் கீரையும் மீனும் பாலும் வாசலில் இருக்கும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘விடிவெள்ளி விநியோகம்’ என்று பொருள்படும். வேறு பெரிய நிறுவனங்களும் இவ்வழியிற் புகுந்தன. 2020 அளவில் அந்நாட்டுச் சில்லறை வாணிகத்திற் காற்பங்கிற்கும் மேற்பட்டது இணையவழியாகவே நடந்தது.

பெயர் அழகானது, ஆயின் விடிவெள்ளி முளைக்குமுன் தெருவில் ஓடுபவன் யார்? பழைய அல்லங்காடியில் விற்பவனும் விழித்திருந்தான், வாங்குபவனும் விழித்திருந்தான். இங்கே வாங்கியவர் உறங்குகின்றார்; கொண்டு வருபவன் மட்டும் விழித்திருக்கின்றான். பெருந்தொற்று நிலவிய 2020ஆம் ஆண்டிலே பொதி விநியோகத் தொழிலாளர் பலர் அளவிறந்த உழைப்பினால் மாண்டனர் என்று அங்குள்ள தொழிற்சங்கங்கள் முறையிட்டன. அவ்வாண்டு ஓகஸ்ட் 14ஆம் நாள் ‘பொதியில்லா நாள்’ என்று முதன்முதலாக ஓய்வு நாளாக்கப்பட்டது. யப்பானிலும் 2024 ஏப்ரல் முதல் லொறிச் சாரதிகளின் மேலதிக வேலை ஆண்டுக்கு 960 மணித்தியாலம் என்று சட்டத்தால் வரையறுக்கப்பட்டது.

இனி, இவற்றுள்ளே மறைந்து கிடக்கும் ஒரு கணக்கை வெளிக்கொணர்தல் வேண்டும். இருவரும் உழைக்கின்றனர் என்றால் வீட்டு வேலையையும் இருவரும் பகிர்ந்தனரோ? பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் பல நாடுகளின் நேரக்கணக்கைத் தொகுத்திருக்கின்றது. அதன்படி ஊதியமில்லா வேலையில் யப்பானியப் பெண் நாளொன்றுக்கு 224 நிமிடமும், ஆண் 41 நிமிடமும் செலவிட்டனர். கொரியாவிற் பெண்ணுக்கு 215, ஆணுக்கு 49. பெண் ஊதிய உழைப்பிற் புகுந்தாள். ஆண் வீட்டு உழைப்பிற் புகவில்லை. இடையிலே தோன்றிய பள்ளத்தை நிரப்ப வந்ததே கைத்தொலைபேசிக் கடை. குடும்பத்துள் நிகழ்ந்திருக்க வேண்டிய பங்கீடு நிகழாமையின், அதனைக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து பணங்கொடுத்து வாங்குகின்றோம். இணையவழிக் கொள்வனவின் வளர்ச்சியை யான் இவ்வாறே விளங்கிக்கொள்கின்றேன்.

“பெண்கள் வேலைக்குப் போனமையாலன்றோ இத்தனையும்” என்று கூறும் பழமை விரும்பிகள் சிலர் இவ்விடத்தில் மகிழக்கூடும். அவர்கள் மகிழ்தற்கு இடமில்லை. கற்ற பெண் தன் கல்வியைத் தொழிலாக்குதல் அவள் உரிமை. அவள் ஊதியமின்றி அடுப்பெரியாத வீடுகளும் பல. மாற வேண்டியது மாறிற்று. உடன் மாற வேண்டிய மற்றொன்று மாறவில்லை என்பதே குறை.

இனி நம் ஈழத்து நிலையை நோக்குவோம். இங்கே தொழிற்படையிற் சேர்ந்துள்ள பெண்கள் அண்மை ஆண்டுகளிலும் மூன்றிலொரு பங்கினர் அளவே. ஆகவே யப்பானில் நிகழ்ந்தது அப்படியே இங்கும் நிகழும் என்று கூறுதல் பொருந்தாது. நம் குடும்பங்களின் உழைப்பு முறை வேறொரு வகையில் மாறிற்று. பிள்ளைகள் கடல் கடந்து போயினர். கப்புறுக்கா என்னும் இணையக் கடை 2000களின் தொடக்கத்திலே தோன்றியபோது, அது பெரிதும் நாடியது உள்ளூரில் வாழ்வோரையன்று. வெளிநாட்டிலிருந்து இங்குள்ள தாய் தந்தையர்க்குப் பரிசும் பண்டமும் அனுப்ப விரும்பிய பிள்ளைகளையே. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இரு வேலை பார்க்கும் மகன், ஊரிலே தனித்திருக்கும் தாயின் படலைக்குப் பழக்கூடை அனுப்புகின்றான். அவன் வர இயலாத நேரத்தின் விலை அக்கூடை. 2016இல் டராஸ் போன்ற பெருங்கடையும் இங்கு வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அமுலானபோது, அதுவரை இம்முறையை நம்பாதாரும் வீட்டு விநியோகத்தைப் பழகிக்கொண்டனர்.

உள்ளூர்க் குடும்பங்களிலும் மாற்றம் இல்லாமலில்லை. நம் ஆசிரியருட் பெரும்பாலோர் பெண்கள். என்னுடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் இது பற்றி வினவினேன். “பண்டிதர், எனக்குப் பகலிலை கடைக்குப் போக எங்கை நேரம்? பின்னேரம் பிள்ளையளை ரியூசனுக்கு ஏத்தி இறக்கவே சரி. அதுகள் படுத்தாப் பிறகுதான் போனிலை கடை பாக்கிறன்” என்றார். அவர் கணவரும் அரசாங்க உத்தியோகத்தரே. அவர் அந்நேரம் என்ன செய்வார் என்று யான் வினவவில்லை; அவரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முன்னாளில் நம் யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களிற் சந்தைக்குப் போதல் பெரும்பாலும் ஆண்களின் வேலையாகவே இருந்தது. சைக்கிளின் கைபிடியில் உமலைத் தொங்கவிட்டுச் சுன்னாகச் சந்தைக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ தந்தையர் போய் வந்தனர். மீனும் மரக்கறியும் இன்றும் ஓரளவுக்கு அவ்வாறே வருகின்றன. ஆனால் பிள்ளைகளின் உடுப்பும் சப்பாத்தும், பள்ளிப் பையும், சமையற் பாத்திரமும் கைத்தொலைபேசி வழியே வரத் தொடங்கிய வீடுகளில், தெரிதல், அளவு பார்த்தல், விலை ஒப்பிடல், பிழையானதைத் திருப்பியனுப்புதல் ஆகிய யாவும் தாயின் இராவேலையாய் முடிந்தமையை யான் கண்டிருக்கின்றேன். சுமை தோளிலிருந்து இறங்கிற்று என்று ஆண்மகன் மகிழ்கின்றான். அது இறங்கவில்லை, தோள் மாறிற்று. சைக்கிளிற் சென்ற சுமை யார் கண்ணுக்கும் தெரிந்தது. இருட்டிலே விரலால் நகர்த்தும் சுமை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

யப்பானியர் பொதி வைப்பதற்கு இரும்புப் பெட்டகம் செய்தனர் என்றேன். நமக்கு அத்தகைய பெட்டகம் இன்னும் பெரிதும் வேண்டப்படவில்லை. ஏனெனில் நம் வீடுகளில் அம்மம்மாவும் அப்பப்பாவும் இருக்கின்றனர். பொருளைப் பெறும்போதே காசு கொடுக்கும் முறை நம்மவர் பலர் விரும்புவது. ஆகையால் மகள் மேசையில் எண்ணி வைத்துவிட்டுப் போன காசைக் காத்து, படலையில் மோட்டார்ச் சைக்கிள் நின்றதும் எழுந்து போய், பெயர் சரிதானோ என்று கேட்டு வாங்கிவைப்பவர் அவ்வீட்டு முதியவரே. கணக்கேட்டில் இடம்பெறாத அவ்வுழைப்பும் இவ்வாணிகத்தின் ஒரு தூண் என்பதை மறக்கலாகாது.

அம்மோட்டார்ச் சைக்கிளில் வந்தவனையும் சிறிது நினைப்போம். நம்மிடம் படித்த மாணவனாகவும் இருக்கலாம். கொண்டுபோய்க் கொடுக்கும் பொதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வருவாய் அமையுமானால், படலையில் நாம் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கு நட்டம். அவனுக்கும் வீடுண்டு, அவ்வீட்டிலும் சந்தைக்குப் போக ஒருவர் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மிஞ்சிய நேரம் மற்றொரு குடும்பத்திலிருந்து எடுக்கப்பட்டதாயின், அதை ஆக்கம் என்று எவ்வாறு சொல்வது?

ஆயின் இணையவழிக் கொள்வனவைத் துறந்துவிடுவதோ? அவ்வாறு கூறுவேனல்லேன். நடமாட இயலாத முதியோர்க்கும், கைக்குழந்தையோடிருக்கும் தாய்க்கும், நூற்கடை இல்லாத ஊரில் வாழும் மாணாக்கனுக்கும் அது பெரும் உதவி. வேண்டுவது துறவன்று, பங்கீடு. வீட்டுப் பட்டியலை ஒருவர் மட்டும் தலையிற் சுமவாது, கணவனும் வளர்ந்த பிள்ளைகளும் அதில் எழுதவும், தெரியவும், பெறவும் பழகுதல் வேண்டும். நாளை மறுநாள் வந்தாலும் கெடாத பொருளை இன்றிரவே வேண்டுமென்று முடுக்காமை வேண்டும். கந்தோர்களும் பள்ளிகளும் மனிதர் வீடு மீளத்தக்க நேரத்தில் அவர்களை விடுதல் வேண்டும். பொதி சுமப்பாரின் வேலை நேரத்துக்கு யப்பானும் கொரியாவும் காலந்தாழ்த்தி வகுத்த வரம்பை நாம் காலத்தோடு வகுத்தல் வேண்டும்.

எழுத்தாள அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கமக்காரனையும் தோட்டத் தொழிலாளியையும் சுருட்டுத் தொழிலாளியையும் கதைமாந்தராக்கிப் பெருமை தேடிக்கொண்டது நம் ஈழத்துச் சிறுகதை. பத்து மணிக்குப் பின் கைத்தொலைபேசி வெளிச்சத்திற் பிள்ளையின் சப்பாத்தளவு தேடும் தாயும், மழையிலே நனைந்து படலையிற் பெயர் கூப்பிடும் இளைஞனும் யான் வாசிக்கும் கதைகளில் இன்னும் அரிதாகவே வருகின்றனர். மாணவரும் இதனை ஒரு பயிற்சியாகக் கொள்ளலாம். தத்தம் வீட்டில் ஒரு கிழமைக்குள் வந்த பண்டங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் நினைத்தவர் யார், தெரிந்தவர் யார், கொண்டு வந்தவர் யார், வாங்கிவைத்தவர் யார் என நான்கு நிரல்களிற் குறித்துப் பார்க்கட்டும். எந்த நிரலில் எவர் பெயர் மீண்டும் மீண்டும் வருகின்றதென்று கண்டபின், அவ்வேடு வீட்டிலுள்ளோர் அனைவர்க்கும் காட்டத் தக்கது.